கழுவிய தூள்

அந்தக் கட்டடத்தில் அவருக்கு இடிக்காரர் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, ஏன் வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை அவருடைய அறையிலிருந்து ‘டொம்’மென்று ஒரு சத்தம் கிளம்பும். மேல்மாடியில் எழுதிக்கொண்டிருப்பவர்களின் பேனா ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு போகும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பதறி எழுந்திருப்பார்கள். பழையவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இன்னிக்கு இது நாலாவது" என்பார்கள். இப்படி இருபத்திரண்டு வருஷம் சத்தம் கேட்டதில் அவருடைய இடது காது பாதி மந்தம். அதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பியதில்லை.

வேலை இதுதான். தையல் நூல் பருமனில் ஒரு அலுமினியக் கம்பி, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. அதை ஒரு இரும்புக் கலத்துக்குள் இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவே இழுத்துக் கட்ட வேண்டும். கலத்தை மூடி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு, ஆக்சிஜனை நிரப்ப வேண்டும். பக்கத்தில் பீரோ அளவுக்கு நிற்கிற மின்தேக்கிகளில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, மொத்தத்தையும் கம்பிக்குள் ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். உருகி நிற்கக்கூடக் கம்பிக்கு அவகாசம் கிடைக்காது. ஆவியாகி வெடித்துவிடும். அந்த ஆவி ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து, குளிர்ந்து, புகையாகி, வடிகட்டித் தாளில் தூளாகப் படியும். செராமிக் தூள். ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு தலைமுடியின் குறுக்கே பாதி தூரம் போகாது, அவ்வளவு பொடி.

நான்கு வருஷத்துக்கு முன்னால், இந்தத் தூளைப் பற்றித்தான் முனைவர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு தூள் குப்பி இருக்கும், மூக்கு நுனியில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கும். மாவு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டம் வாங்குவதற்கு முன்பே டாக்டர் ஆனவள் அவள் ஒருத்திதான். கல்யாணமானவள். ஐந்து வயதில் ஒரு மகள், பாட்டியிடம் வேறு ஊரில் வளர்ந்துகொண்டிருந்தது. "இந்த வருஷம் முடிக்கலேன்னா மூட்டையைக் கட்டிட்டு வந்துடு" என்று கணவன் ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் இடிக்காரரை முதல் நாளிலிருந்தே அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அவருக்குக் கூடப்பிறந்த தம்பிகள் மூன்று பேர். மூன்று பேரும் சொத்துப் பிரிவினைக்கு அப்புறம் அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. அதனாலோ என்னவோ, இந்தப் பெண் ‘அண்ணா’ என்று அறைக்குள் நுழையும்போது அந்த மந்தக் காதிலும் அது சுத்தமாக விழுந்தது. அவளுக்குப் பட்டம் கிடைத்துவிட வேண்டும் என்று அவளைவிட அவர்தான் அதிகம் ஆசைப்பட்டார் என்றால் அது மிகையில்லை.

முதல் வருஷம் ஒன்றும் தேறவில்லை. முழுவதும் எரிந்தால் தூள் வெள்ளையாக இருக்கும். அரைகுறையாக எரிந்தால் எரியாத உலோகம் குட்டி உருண்டைகளாக மிஞ்சி, தூள் சாம்பல் நிறத்தில் வரும். அவளுடைய தூள் சாம்பலாகவே வந்துகொண்டிருந்தது. மின்சாரத்தைக் கூட்டினால் வெள்ளையாகும், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதற்குப் பட்டம் கொடுக்க மாட்டார்கள். குறைந்த மின்சாரத்தில் வெள்ளையாக்க வேண்டும். அவள் ஆக்சிஜனின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுததை இடிக்காரர் பார்த்தார். பார்த்தும் பாராதவர் போலக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அதே வாரம் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறைக்குக் குப்பியைக் கொண்டுபோனவரும் அவர்தான். அங்கே படம் எடுக்கும் அம்மாள் வாயைத் திறந்தால் நெருப்பு. குப்பியைத் தூக்கிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இதையா நான் படம் எடுக்கணும்? உருண்டை உருண்டையா ஒரே குப்பை. கழுவிக்கிழுவி எடுத்துட்டு வர்றதில்லையா?"

கழுவுவதா? சரி, கழுவுவோம். மனுஷன் திரும்பி வந்து, தூளை ஸ்பிரிட்டில் போட்டு, மூடி நன்றாகக் குலுக்கி, பத்து நிமிஷம் ஆடாமல் வைத்தார். கனமானதெல்லாம் அடியில் தங்கியது. மேலே பால் மாதிரி நின்றதை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுத்து, விளக்கடியில் காயவைத்தார். பளீரென்று வெள்ளைத் தூள். அடியில் கிடந்த சாம்பலை என்னவென்று நினைத்தார்? பித்தளை முனையிலிருந்து தெறித்த துணுக்கு, கலத்தின் சுவர் அழுக்கு, இப்படித்தான் நினைத்தார். பாத்திரம் தேய்ப்பவர் அழுக்குத் தண்ணீருக்குப் பெயர் வைத்துக்கொண்டா இருப்பார்? ஆனாலும் எதையும் கொட்டிப் பழக்கமில்லாததால், ஒரு பழைய மருந்துப் பாட்டிலில் சேர்த்துவைத்தார்.

கேடு எங்கே வந்தது என்றால், அதே நாளில்தான் அவள் அழுத்தத்தைப் புதிதாக ஒரு அளவுக்கு மாற்றியிருந்தாள். வெள்ளைத் தூளைக் கண்டதும் துள்ளிக் குதித்தாள்.

"அண்ணா! அழுத்தம்தாண்ணா! இதுதான் அந்த அளவு!"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, நான் லேசாகக் கழுவினேன் என்று சொல்லத் தோன்றவில்லை. மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. குப்பியைத் துடைத்துக் கொடுப்பதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா, அப்படித்தான் விட்டுவிட்டார். பதிவேட்டில் ஏழு கட்டங்கள் இருந்தன. கம்பியின் பருமன், நீளம், மின்னழுத்தம், வாயு, அதன் அழுத்தம், வெடித்த நேரம், கையெழுத்து. கழுவியதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதும் பழக்கம் அவருக்கு இருபத்திரண்டு வருஷமாக இல்லை.

தூள் அள்ளும் வேலையை அதற்குப் பிறகு அவளிடம் விடவே இல்லை. "உனக்கு இருமல் வருதும்மா, நீ தள்ளு" என்று தானே முகமூடி மாட்டிக்கொண்டு அள்ளி, கழுவி, காயவைத்து, வெள்ளை வெளேரென்று கொடுத்தார். முந்நூறு வெடிப்புக்கு மேல். எக்ஸ்ரே சோதனையில் உலோகத்தின் சுவடே இல்லை. மைக்ராஸ்கோப் படங்களில் துகள்கள் எல்லாம் ஒரே சீராக, பார்க்கவே அழகாக இருந்தன. நெருப்பு அம்மாளே, "பரவாயில்ல, பொண்ணு உருப்பட்டுட்டா" என்றாள். குறைந்த மின்சாரத்தில், இந்த அழுத்தத்தில் வெடித்தால் உலோகம் துளிகூட மிஞ்சாது. இதுதான் அவளுடைய ஆய்வேட்டின் உயிர்நாடி. அதை வைத்துக் கட்டுரை வந்தது. ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. கடைசி வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி.

அந்த நேரத்தில் வந்தது கடிதம். வேறொரு தேசத்து ஆய்வகத்தில் அவள் எழுதியபடியே செய்து பார்த்திருக்கிறார்கள். தூள் சாம்பலாகத்தான் வருகிறதாம். மூன்றில் ஒரு பங்கு எரியாத உலோகமாம். ஆய்வேட்டைத் திருத்தும் தேர்வாளர் அதைப் படித்துவிட்டு, வியாழக்கிழமை நானே நேரில் வருகிறேன், என் கண் முன்னால் ஒன்று வெடித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மாவு டாக்டர் சிரித்தாள். "வரட்டும்ணா. அவங்களுக்குச் செய்யத் தெரியல. நம்ம தூளை இவர் கண்ணால பாக்கட்டும்."

இடிக்காரருக்கு அடியில் தங்கிய அந்தச் சாம்பல் நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்குப் போன பிறகு, மருந்துப் பாட்டிலை எடுத்தார். மூணு வருஷத்துச் சாம்பல், கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. சாக்கடை அடைப்புக்கு ஊற்றுகிற காஸ்டிக் சோடாவைக் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை போட்டார். அலுமினிய உலோகமாக இருந்தால் பொங்கும். எரிந்து முடிந்த தூளாக இருந்தால் சும்மா கிடக்கும். பித்தளைத் துணுக்கும் சும்மாதான் கிடக்கும். அது சும்மா கிடக்க வேண்டுமே என்று, சாமியை அதிகம் தொந்தரவு செய்யாத மனுஷன் அன்றைக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்.

பொங்கியது. கண்ணாடிக் குடுவையின் விளிம்பு வரைக்கும் நுரைத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் அவர் மனைவி துணிகளுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது, முகத்தைப் பார்த்தே கறந்துவிடுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தையல் மெஷினை நிறுத்தினாள்.

"நாளைக்குக் காலையில மொத வேலையா சொல்லிடுங்க."

"சொன்னா அவ பட்டம் போயிடும்டி."

"சொல்லலேன்னா மானம் போயிடும். பட்டம் இன்னொரு வாட்டி வாங்கிக்கலாம்."

"உனக்கு என்ன தெரியும், நாலு வருஷம்..."

"எனக்குத் தூளைப் பத்தி ஒன்னும் தெரியாது. உங்களைப் பத்தித் தெரியும். நல்லது பண்றேன் நல்லது பண்றேன்னு யாரையாவது குழியில தள்ளிட்டுத்தான் வந்து நிப்பீங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் தள்ள முடியவில்லை.

புதன்கிழமை சொல்லிவிட்டார். காலையில் சொல்ல வேண்டியதை, கம்பியைத் துடைப்பதும் பம்புக்கு எண்ணெய் விடுவதுமாகச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இழுத்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தார். குடுவையில் ஒரு சிட்டிகை போட்டுக் காட்டவும் காட்டினார்.

அவள் நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், அழுவாள், குப்பியைத் தூக்கி எறிவாள் என்று அவர் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றார். அவள் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரிக்கு."

"இங்க?"

"இங்க யாருக்கும் தெரியாதும்மா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "என் பொண்ணு போன்ல என்ன கேட்டா தெரியுமாண்ணா? அம்மா, நீ என் கூட வந்து இருக்கறதுக்கு இன்னும் எத்தனை வெடி வெடிக்கணும்னு கேட்டா. ரெண்டே ரெண்டுதான் கண்ணுன்னு சொன்னேன்."

அவர் குடுவையை மேஜை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

"நாளைக்கு வெடிச்சதும் கலத்தை உடனே திறக்க வேணாம்," என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "சூடா இருக்கு, ஆறணும்னு சொல்லுங்க. அவரை நான் மேல கூட்டிட்டுப் போய் டீ வாங்கித் தரேன். அரை மணி நேரம் போதுமில்ல? எப்பவும் செய்யற மாதிரியே செஞ்சு வெச்சிடுங்க."

இடிக்காரருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இதுவரைக்கும் அவர் செய்தது தெரியாமல் செய்தது. அவளும் தெரியாமல் நம்பினாள். இனிமேல் செய்யப்போவதற்கு வேறு பெயர். தான் வளர்த்த ஆசைதான் அந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று நினைத்தபோது, அவருக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அம்மா, பேராசிரியர்கிட்ட ஒரு வார்த்தை..."

"அண்ணா," என்றாள் அவள். "ப்ளீஸ்."

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தேர்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்ட, குள்ளமான, மரியாதையான மனிதர். வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், இடிக்காரருக்கும் சேர்த்து. மாவு டாக்டருக்கு வழிகாட்டியான பேராசிரியர் அவர் பின்னாலேயே நடந்தார். கம்பி கட்டியாயிற்று. ஆக்சிஜன் நிரப்பியாயிற்று. எண்களை ஒவ்வொன்றாகத் தேர்வாளர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ள, இடிக்காரர் பொத்தானை அமுக்கினார்.

டொம்.

மின்தேக்கியில் மிச்சம் எதுவும் தங்கிவிடாமல் எர்த் கம்பியால் தொட்டுத் தரைக்கு இறக்கிவிட்டு, இடிக்காரர் அவள் சொல்லிக்கொடுத்தபடி சொன்னார். "சூடா இருக்குங்க. ஆறணும்."

"வாங்க சார், அதுக்குள்ள மேல ஒரு டீ சாப்பிட்டுட்டு வந்துடலாம்," என்றாள் மாவு டாக்டர்.

"டீ எங்கம்மா போயிடப்போவுது?" தேர்வாளர் கலத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடே இல்லையே. ஒரு கம்பிதானே வெடிச்சுது. திறங்க." பையிலிருந்து தன்னுடைய குப்பி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "பாதியை எனக்கு இப்படியே அள்ளிக் குடுங்க. மீதியை உங்க வழக்கப்படி என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

திறந்தார்கள். வடிகட்டித் தாளில் படிந்திருந்தது சாம்பல். கலத்தின் சுவரில் படிந்திருந்ததும் சாம்பல். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நிறம் மாறவில்லை.

"என்னம்மா இது?"

"தெரியல சார்," என்றாள் அவள்.

தேர்வாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஓரத்து மேஜையில் ஸ்பிரிட் குப்பி மூடி திறந்து இருந்தது. உறிஞ்சுகுழாய், காயவைக்கும் விளக்கு, சுத்தமான தட்டு, எல்லாம் அரை மணி நேர வேலைக்காக வரிசையாகக் காத்திருந்தன.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று இடிக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"கழுவறதுக்கு," என்றார் இடிக்காரர். பொய் சொல்ல அவருக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. "கழுவி, மேல நிக்கறதை மட்டும் எடுத்துக் குடுப்பேன்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

தேர்வாளர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது சார். இப்பதான் கேக்கறேன். அவராவே செஞ்சிருக்கார். லேப் டெக்னீஷியன் இப்படிச் செய்வார்னு நான் எப்படி சார் நினைப்பேன்?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. தேர்வாளர் பார்த்தார். கேள்வி கேட்டே தலை நரைத்த மனிதர், எதையோ மோப்பம் பிடித்திருக்க வேண்டும்.

"நீங்க சொல்லுங்க. இவங்ககிட்ட எப்பவாவது இதைச் சொன்னீங்களா? நேத்து, முந்தா நாள்?"

இடிக்காரருக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் அவர் நிமிர்ந்து நிற்கலாம், அந்தப் பெண்ணுக்கு எந்த ஊரிலும் எந்த ஆய்வகத்திலும் கதவு திறக்காது. சொல்லாவிட்டால் அவள் ஏமாந்த பெண், அவ்வளவுதான்.

"இல்லைங்க," என்றார். "சொல்லல."

ஒரு மாதம் விசாரணை என்ற பெயரில் காகிதங்கள் இங்கும் அங்கும் நடந்தன. மாணவிக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை என்று முடிவாயிற்று. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சோதனைகளை மறுபடி செய்து, கிடைத்ததை உள்ளபடி எழுத அவளுக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள். இடிக்காரரைப் பொருள் அறைக்கு மாற்றினார்கள். மாடிக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறை. கம்பிச் சுருள், கையுறை, வடிகட்டித் தாள் எல்லாம் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை. இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவரைப் பற்றி, ‘பொறுப்பற்றவர்’ என்று ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். அவர் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள், "வந்து சாப்பிடுங்க" என்றாள். அதற்குமேல் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே எதிர்பார்ப்பு. அவள் ஒரு நாள் வருவாள். யாரும் இல்லாதபோது வந்து, ஏதாவது சொல்வாள். மன்னிப்பு வேண்டாம். அந்தப் புதன்கிழமையை இரண்டு பேரும் அறிவோம் என்று ஒரு பார்வை பார்த்தால்கூடப் போதும். அதற்கு, ‘பரவாயில்லம்மா’ என்று சொல்லத் தயாராக வைத்திருந்தார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தார்.

ஏழு மாதம் கழித்து வந்தாள். இளைத்திருந்தாள். கம்பிச் சுருள் ஒன்று வேண்டும் என்று சீட்டை நீட்டினாள். அவர் எடுத்து வைத்தார். கையெழுத்துப் போட்டவள் போகாமல் நின்றாள். வெளியே நடையில் ஒருவரும் இல்லை.

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேண்ணா. வந்து வந்து திரும்பிப் போயிட்டேன்."

"கேளும்மா," என்றார்.

"ஏண்ணா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"அவர் வர்றதுக்கு முந்தின நாளாவது சொல்லியிருக்கலாமேண்ணா. நான் அப்பவே எல்லாத்தையும் நிறுத்தியிருப்பேன். நானே பேராசிரியர்கிட்ட போய் ஒத்துக்கிட்டிருப்பேன். அத்தனை பேர் முன்னாடி அப்படி நிக்க வெச்சிட்டீங்களே. எவ்வளவு நம்பியிருந்தேன் உங்களை."

அவர் வாசலைப் பார்த்தார். யாருக்காவது கேட்கட்டும் என்று பேசுகிறாளோ? நடை காலியாகத்தான் கிடந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. அது நடிப்பில்லை. ஏழு மாதமாக ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே அதை நம்பிவிட்டிருந்தாள். அந்தப் புதன்கிழமை, நாலு மணி, சாத்திய கதவு, எல்லாம் இப்போது அவர் ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது.

சொன்னேனே, அம்மா. நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. சொல்லி, அவளை மறுபடியும் அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்து என்ன ஆகப்போகிறது?

"தோணலம்மா," என்றார். "தப்புதான்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். அவரைப் பார்த்து, நல்ல மனசோடுதான், லேசாகச் சிரித்தாள்.

"விடுங்கண்ணா. நான் உங்களை எப்பவோ மன்னிச்சிட்டேன்."

"ரொம்ப நன்றிம்மா," என்றார் இடிக்காரர்.